ட்ரெய்லர் மாட்டிய பெட்ரோல் பிக்கப்: அடுத்த பங்க் வரை போய்ச் சேருவது எப்படி

அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண டேங்க் 23 கேலன். ஹைவேயில் வெறும் வண்டியாகப் போனால் கேலனுக்கு 20 மைல் கிடைக்கும், அதாவது 460 மைல். பின்னால் 28 அடி தங்கும் ட்ரெய்லரை மாட்டியதும் அது 9 மைலுக்கு இறங்கிவிடும். ஊர்க் கணக்கில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கூட இல்லை. டேங்கைச் சொட்டுச் சொட்டாகக் காலி செய்ய யாரும் துணிவதில்லை. அடியில் 3 கேலன் இருக்கட்டும் என்று விட்டால் கையில் நிற்பது 20 கேலன், 180 மைல். இரண்டரை மணி நேர ஓட்டம், அவ்வளவுதான்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் லாரிகள் நிற்கும் அகலமான வரிசையில் நேராக நுழைந்து நேராக வெளியே போய்விடலாம். அந்த வரிசையில் பெரும்பாலும் டீசல் மட்டும்தான். பெட்ரோல் வண்டிக்காரர் 50 அடி நீள வண்டித்தொடரோடு கார்கள் நிற்கும் பங்க்குக்குள் நுழைந்து, கூரைத் தூணில் ட்ரெய்லர் உரசாமல் திரும்பி, வெளியேறும் வழியை வேறொரு கார் அடைத்துக்கொள்ளாதபடி நிறுத்த வேண்டும். எங்கே நிரப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்க முடிய வேண்டும், அதற்காகத்தான் கூடுதல் தூரம். நெவாடாவில் யுஎஸ் 50 சாலையில் ஃபாலனிலிருந்து ஆஸ்டின் வரை 110 மைல். யூட்டாவில் ஐ-70-இல் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை கிட்டத்தட்ட அதே தூரம். இந்த இரண்டாவது பாதையில் நடுவே பங்க் கிடையாது.

பெரிய டேங்கில் இறங்குவதற்கு முன் இருக்கிற டேங்கையே நீட்டிப் பார்க்கலாம். செலவில்லாத வழி அது.

காற்றோடுதான் சண்டை

ட்ரெய்லர் 7,000 பவுண்ட் எடை என்பதால்தான் பெட்ரோல் குடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சமதளத்தில் எடையின் பங்கு சிறியது. எட்டடி அகலமும் சாலையிலிருந்து பத்துப் பதினோரடி உயரமும் உள்ள ஒரு சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிறீர்கள், பெட்ரோல் அங்கேதான் போகிறது. அதே 7,000 பவுண்ட் எடையைத் தாழ்வான தட்டு ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துப் பாருங்கள், மைலேஜ் கண்ணுக்குத் தெரிந்து கூடும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 70 மைல் வேகத்தை 62-க்குக் குறைத்தால் எதிர்ப்பு 22 சதவீதம் விழும். மொத்தச் செலவில் காற்றின் பங்கு மூன்றில் இரண்டு என்று வைத்தால் பெட்ரோல் 14, 15 சதவீதம் மிச்சம். 180 மைல் ஓடும் டேங்க் 210 மைல் ஓடும். அந்த 180 மைலைக் கடக்க இருபது நிமிடம் கூடுதலாகும். பெட்ரோல் போட ஒரு முறை கூடுதலாக நிறுத்தினால் அதைவிட அதிக நேரம் போகும். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படியே 55 மைல்தான். அங்கே போனதும் "வண்டி திடீரென்று நல்ல மைலேஜ் தருகிறது" என்று வியப்பவர்கள் உண்டு.

எதிர்காற்றுக்கும் இதே கணக்கு. 70 மைல் வேகத்தில் போகும்போது 15 மைல் வேகக் காற்று முகத்தில் அடித்தால் வண்டிக்கு அது 85 மைல் வேகம். எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கேலனுக்கு 9 மைல் என்பது 6.8 ஆகிவிடும், 20 கேலனில் 136 மைல். கிளம்பும் முன் மழை முன்னறிவிப்பைப் பார்ப்பவர்கள் காற்றின் திசையைப் பார்ப்பதில்லை. ட்ரெய்லர் இழுப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும் சமவெளிகளில் விடியற்காலையில் கிளம்புவதே பெரிய டேங்க் வைத்திருப்பதற்குச் சமம்.

எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் நேரங்கள்

சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் எஞ்சின் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14 பங்கு காற்று என்ற அளவில் எரிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேட்டில் ஏற்றும்போது புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும் டர்போவும் சூட்டில் கெட்டுவிடாமல் இருக்க, கணினி கலவையை 12-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அந்தக் கூடுதல் பெட்ரோலின் வேலை பெரும்பாலும் குளிர்விப்பதுதான். வண்டியை அது தள்ளுவதில்லை. ஃபோர்டின் டர்போ பெட்ரோல் எஞ்சினான ஈக்கோபூஸ்ட்டில் ஈக்கோவும் பூஸ்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்ற கேலிக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான்.

ஆகவே மேட்டில் குரூஸ் கன்ட்ரோலை எடுத்துவிடுங்கள். அது வைத்த வேகத்தை விடாப்பிடியாகக் காக்கும், அதற்காகத் த்ராட்டிலை முழுக்கத் திறக்கும். நீங்கள் ஓட்டினால் ஏற்றத்தில் ஐந்தாறு மைல் வேகத்தை விட்டுக்கொடுத்து வலது ஓரமாக ஏறலாம். இறக்கத்தில் டோ/ஹால் மோடு (ட்ரெய்லர் இழுப்பதற்கான கியர் அமைப்பு) கீழ் கியரில் வைத்து எஞ்சினாலேயே பிடிக்கும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்திருக்கும்போது பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும். ஆர்பிஎம் 4,000-ஐத் தொட்டாலும் அங்கே செலவு பூஜ்யம். சத்தத்துக்குப் பயந்து நியூட்ரலில் விடுவதுதான் தவறு. பிரேக்கும் போகும், பெட்ரோலும் மிஞ்சாது.

சமதளத்தில் மேல் கியருக்கும் அதற்கடுத்த கியருக்கும் இடையே கியர்பெட்டி மாறி மாறி ஊசலாடினால் மேல் கியர் ஒன்றிரண்டை விழாதபடி பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஊசலாட்டத்திலும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்டரின் பூட்டு அவிழ்ந்து வழுக்கும், பெட்ரோல் சூடாக மாறி கியர் ஆயிலுக்குள் போகும். கியர் ஆயில் சூடு காட்டும் மீட்டர் இருந்தால் அதிலேயே தெரியும்.

பெட்ரோலின் ஆக்டேன் எண் விஷயத்தில் கையேட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அல்ல. 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட்டுக்குக் கனமாக இழுக்கும்போது 91-ஐ ஃபோர்டு பரிந்துரைக்கிறது. ராம் 5.7 ஹெமிக்கு 89. செவ்ரலே 5.3-க்கு 87 போதும், மேலே போடுவது காசுக்குக் கேடு. பரிந்துரைத்ததைவிடக் குறைவாகப் போட்டால் எஞ்சின் உடனே பழுதாகாது. எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், வேலை குறையும், மைலேஜ் குறையும். கொலராடோ, யூட்டா, வயோமிங் போன்ற மலை மாநிலங்களில் மலிவான பொத்தானில் 85 என்று எழுதியிருக்கும். கார்பரேட்டர் காலத்து வழக்கம் அது. இன்றைய எஞ்சினுக்கு, அதுவும் பின்னால் ட்ரெய்லரோடு, வேண்டாம்.

எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடி அலைவதும் தேவையில்லை. 10 சதவீதம் எத்தனால் கலந்ததைவிட அது 3 சதவீதம் அதிக சக்தி தரும். 180 மைலில் ஐந்து மைல். நேர்மாறாக, ஈ85 ஏற்கும் வண்டியில் விலை மலிவு என்று அதை நிரப்பினால் கால் பங்குக்கு மேல் தூரம் போய்விடும். இழுவைப் பயணத்துக்கு அது ஆகாது.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ரெய்லருக்கான எஸ்டி டயரில் காலையில் ஓடாத நிலையில், பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அழுத்தம் வையுங்கள். லோட் ரேஞ்ச் (சுமை தாங்கும் வகை) டி என்றால் 65 பிஎஸ்ஐ, ஈ என்றால் 80. நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. மைலேஜ் விழுவதற்கு முன் அதைப் பிடித்துவிடலாம். பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி) மேல் மூடி போடுவது, கூரையில் காற்றுத் தடுப்புத் தகடு மாட்டுவது இவற்றையெல்லாம் ட்ரெய்லர் என்னும் சுவருக்கு முன்னால் எண்ணிப் பயனில்லை.

பெரிய டேங்க்

வண்டி வாங்கும் முன்னரே இதைப் படிக்கிறீர்கள் என்றால் அதிர்ஷ்டசாலி. தொழிற்சாலையிலிருந்தே பெரிய டேங்கோடு வாங்கிவிடுங்கள். எஃப்-150-இல் 36 கேலன் டேங்க் உண்டு, ஹைப்ரிடில் 30.6. ராம் 1500-இல் 33. 2022-க்குப் பிந்தைய டொயோட்டா டண்ட்ராவில் அடிப்படை டேங்க் 22.5, பெரியது 32.2. அதற்கு முந்தைய தலைமுறை டண்ட்ராவில் 38 கேலன் வரை கிடைத்தது, பழைய வண்டி தேடுபவர்கள் குறித்துக்கொள்ளலாம். செவ்ரலே சில்வராடோ 1500 க்ரூ கேபில் 24 கேலன்தான். அதன் ஹெவி டியூட்டி 2500-இல் 36. ஃபோர்டு சூப்பர் டியூட்டி எட்டடி பெட் எடுத்தால் 48 கேலன். விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், டேங்க் அளவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் விற்பவர் சொல்வதை நம்பாமல் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தொழிற்சாலைப் பட்டியலில் பாருங்கள்.

கையில் ஏற்கெனவே 23 கேலன் எஃப்-150 இருக்கிறதா? அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே சக்கர இடைவெளிக்கு 36 கேலன் டேங்க் வந்திருந்தால் அதை மாற்றி மாட்டலாம், பலர் மாட்டியிருக்கிறார்கள். தேவையானவை: டேங்க், அதன் பட்டைகள், வெப்பத் தகடு அல்லது அடித் தகடு, அந்த டேங்க்குக்கு உரிய பம்ப், அதனோடு வரும் மிதவை, புதிய சீல் வளையம். நிரப்புக் குழாயும் ஆவிக் குழாய்களும் ஒன்றுதானா என்பதைப் பாக எண் வைத்து உறுதி செய்த பிறகே காசு கொடுங்கள்.

டேங்கில் கால் பங்குக்கும் கீழே இறங்கும் வரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மிச்சம் 5 கேலன் இருந்தாலே 30 பவுண்ட் திரவம் டேங்குக்குள் அலைமோதும், ஜாக்கில் சமநிலை கெடும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு அது தானாக அணையட்டும், லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். சூடாகும் பழைய பல்பு விளக்கு வேண்டாம், எல்இடி போதும். பக்கத்தில் தண்ணீர் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் இருக்கும் வீட்டு கராஜில் ஒருபோதும் கூடாது. கியர்பெட்டி ஜாக்கை டேங்க்குக் கீழே கொடுத்து, நிரப்புக் குழாய், பெட்ரோல் லைன், ஆவிக் குழாய், மின் இணைப்பு எல்லாவற்றையும் அவிழ்த்த பிறகே பட்டையைத் தளர்த்துங்கள். பனிக்கு உப்புப் போடும் மாநில வண்டியாக இருந்தால் பட்டை போல்ட் துருப்பிடித்து முறியும், முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

மாட்டிய பின் தவறு நடந்திருந்தால் மூன்று விதமாகத் தெரியும். பங்க்கில் நாசில் டக் டக்கென்று அடிக்கடி நின்றால் ஆவிக் குழாய் டேங்க்குக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. பெட்ரோல் வாடையோடு, ஆவிக் கசிவைக் காட்டும் பி0455 அல்லது பி0456 பிழை வந்தால் பம்ப்பின் சீல் வளையம் முறுக்கியிருக்கிறது. பழைய வளையத்தையே திரும்பப் போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும். மீட்டர் தவறாகக் காட்டினால் மிதவை சின்ன டேங்கினுடையது, அல்லது வண்டியின் கணினிக்கு டேங்க் அளவு மாறியது தெரியவில்லை. ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளால் டேங்க் அளவை மாற்றி எழுதுகிறார்கள். ஆவிக் கசிவைச் சோதிக்கும் நிரலும் டேங்கின் கொள்ளளவைச் சார்ந்தது என்பதால், டீலரிடம் அந்த அமைப்புக்கான நிரலை ஏற்றச் சொல்வது இன்னும் சுத்தமான வழி.

வெளியார் தயாரிக்கும் பெரிய டேங்க்குகளில் பெரும்பாலானவை டீசலுக்கு. பெட்ரோலுக்கு என்று விற்றால் உங்கள் மாநிலத்தில், உங்கள் ஆண்டு வண்டிக்கு மாசுக்கட்டுப்பாட்டு அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கலிஃபோர்னியா என்றால் அனுமதி எண் இல்லாமல் மாட்டினால் சோதனையில் நிற்காது.

பெட்டில் வைக்கும் துணை டேங்க் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். டீசல் நண்பர் பெட்டில் 50 கேலன் அலுமினிய டேங்க் வைத்து, அதிலிருந்து குழாய் வழியாகக் கீழ் டேங்க்குக்கு இறக்குகிறார். அதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. டீசல் தீப்பற்றும் ஆவியை வெளியிட 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40-க்கும் கீழேயே அந்த ஆவியை விடுகிறது, எந்தக் குளிர்காலத்திலும் அது தீக்குத் தயார். வண்டியில் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய பெட்டியில் பிடித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு இருக்கிறது. துணை டேங்கிலிருந்து குழாய் இழுத்தால் அந்த அமைப்பை ஓட்டை போடுகிறீர்கள். அது கூட்டரசுச் சட்டப்படி மாசுக்கட்டுப்பாட்டைக் கெடுக்கும் குற்றம். விபத்தில் டேங்க் தாங்கும் என்பதற்கு வண்டி பெற்ற பாதுகாப்புச் சான்றும் அந்தக் குழாய்க்குப் பொருந்தாது.

கேன்

இரண்டு 5 கேலன் கேன், 10 கேலன், 90 மைல். அன்றாடம் ஓட்டுவதற்கு அல்ல. காற்று ஏமாற்றினாலும் பங்க் மூடியிருந்தாலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. தரமான உலோகக் கேன் அல்லது பெட்ரோலுக்கென்று முத்திரையிட்ட பிளாஸ்டிக் கேன் மட்டும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், வெயிலில் விரிவடைய இடம் வேண்டும்.

நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பெட்டில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் கேனில் சேரும் நிலைமின்னூட்டம் இறங்க வழியில்லாமல் நாசில் நுனிக்குத் தாவும். கேன் தீப்பற்றிய சம்பவங்களில் இது பழைய காரணம். பெட்டின் முன்பக்கத்தில், நிமிர்த்தி, பட்டையால் கட்டுங்கள். ட்ரெய்லருக்குள் வைக்கவே கூடாது, உள்ளே பிரிட்ஜும் ஹீட்டரும் புரொப்பேன் தீயில் ஓடுகின்றன. ட்ரெய்லரின் பின் பம்பரிலும் வேண்டாம். அது மெல்லிய தகடு, பின்னால் இடிப்பவர் முதலில் தொடுவதும் அதைத்தான். புரொப்பேன் தீயைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும்: பங்க்குக்குள் திரும்பும் முன்பே ட்ரெய்லர் பிரிட்ஜை அணைத்துவிடுங்கள்.

ஃபோர்டில் இன்னொரு சிக்கல். டேங்க் வாய்க்கு மூடி கிடையாது, சரியான தடிமன் உள்ள நாசில் நுழைந்தால்தான் உள்ளே தாழ் திறக்கும். கேனின் மூக்கு அதைத் திறக்காது. இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் புனலை வண்டியோடு கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஜாக் கருவிகளோடு இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களிடம் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, மீதிப் பேரிடம் அது இருக்காது. கிளம்பும் முன் வீட்டிலேயே தேடிப் பாருங்கள்.

எடை

பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டுக்குச் சற்று மேல். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் ஏற்றக்கூடிய எடை 1,600 பவுண்ட் என்று வைப்போம். 7,000 பவுண்ட் ட்ரெய்லரின் கொக்கி எடை, அதாவது கொக்கி வழியாக வண்டி மேல் இறங்கும் எடை, 900. மீதி 700. நான்கு பேர் ஏறிய பிறகு மிஞ்சுவது 100 சொச்சம். இரண்டு கேன் 75 பவுண்டை விழுங்கும். தொழிற்சாலை டேங்கில் நிரம்பிய பெட்ரோலைக் கழித்த பிறகே ஸ்டிக்கர் எண் எழுதப்படுகிறது. நீங்களாக 36 கேலனுக்கு மாற்றியிருந்தால் கூடுதல் 13 கேலனின் 80 பவுண்டை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

நம்பக்கூடாத எண்

ட்ரெய்லரை மாட்டிக் கிளம்பிய முதல் மணி நேரத்தில் "இன்னும் 400 மைல் ஓடும்" என்று வண்டி சொல்லும். போன வாரம் ஆபீசுக்குப் போன கணக்கு அது. ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, நாசில் முதல் முறை நிற்கும் இடம் வரை நிரப்பி, அடுத்த நிரப்பலிலும் அதே இடத்தில் நிறுத்தி, மைலைக் கேலனால் வகுப்பதுதான் உண்மையான எண். பெரிய டயர் மாற்றியிருந்தால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும், அதையும் சேருங்கள். நாசில் நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி ஊற்றாதீர்கள். கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் திரவமாகவே போய்விடும், பிறகு சூடான எஞ்சின் கிளம்ப அடம்பிடிக்கும், செலவு சில நூறு டாலர். டேங்க் நிரம்பும் முன்பே நாசில் நின்றால் தளம் சாய்ந்திருக்கலாம். குறைந்த வேகப் படியில் வைத்து மெதுவாக நிரப்பினால் விட்டுப்போனது உள்ளே போகும்.

இனி கிரீன் ரிவரில் நிற்கிறீர்கள், மேற்கே சலைனா வரை ஏறக்குறைய 110 மைல். கேலனுக்கு 9 மைல் என்றால் 12 கேலன். கிரீன் ரிவர் 4,100 அடி உயரம், வழியில் சாலை 7,900 அடியைத் தொடும். வண்டியும் ட்ரெய்லருமாக 13,000 பவுண்டை 3,800 அடி தூக்க, எஞ்சினின் திறன் நூற்றுக்கு 28 என்று கொண்டால், 2 கேலன். மொத்தம் 14. எதிரே 15 மைல் காற்று இருந்தால் 12 என்பது 16 ஆகும், மொத்தம் 18. நிரம்பிய 23 கேலன் டேங்க் இதைத் தாங்கும், அடியில் 5 கேலன் மிஞ்சும். முக்கால் டேங்கில் இருப்பது 17 கேலன். ஊசி முக்காலில் நிற்கிறதே, சலைனாவில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். கிரீன் ரிவரிலேயே நிறுத்தி நிரப்புங்கள்.